வானம் பார்த்த ஓவியர்

வானத்தைப் பாராதவர் யார்? மழை வருமா என்று உழவர் பார்க்கிறார். துணி உலருமா என்று வீட்டிலிருப்போர் பார்க்கின்றனர். ஆட்டம் தடைப்படுமோ என்று நம் கல்லூரித் திடலில் பந்து வீசுவோர் பார்க்கின்றனர். ஆயினும், பார்த்த வானத்தை இன்ன நாள், இன்ன மணி, காற்று இன்ன திசை என்று குறித்து வைத்து, அதனையே தம் கலைக்கு அடிப்படையாக்கிக் கொண்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் ஆங்கில நாட்டு நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள். அவர் மறைந்தது 1837-ஆம் ஆண்டில். இயற்பியல் மாணவனாகிய நான் அவருடைய வாழ்க்கையை இம்மலரில் எழுத முற்பட்டதற்குக் காரணம் ஓவிய ஆர்வமன்று, கணிப்பொறி.

நிலக்காட்சிகளைத் தோற்றுவிக்கும் மென்பொருள்கள் உள்ளன என்பதை நண்பர்கள் பலர் அறிவர். இங்கிலாந்தில் உருவான டெர்ராஜென் என்பதனை நானும் விடுதி நண்பர் இருவரும் ஓராண்டாகப் பயின்று வருகிறோம். அதற்குத் தூரிகை வேண்டா. வண்ணக் குழம்பும் வேண்டா. மலையின் உயரம் இவ்வளவு, கதிரவன் அடிவானத்துக்கு மேல் இத்தனை பாகை, மூடுபனி இவ்வளவு, வானில் முகில் இத்தனை பங்கு என்று எண்களைக் கொடுத்தால் போதும். மலையும் ஏரியும் முகிலும் திரையில் எழுந்து நிற்கும். வித்து எண் என்று ஒன்று உண்டு. அதனை மாற்றினால் முந்தைய மலை மறைந்து வேறொரு மலை தோன்றும். விரலசைவில் மலை பிறக்கும் இந்த விந்தைக்கு அடியில் இருப்பது கணிதம். கடற்கரையும் மலைமுகடும் எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் ஒரே வகையான கரடுமுரடாகவே தோன்றுகின்றன என்பதை ஆராய்ந்து, அத்தகைய வடிவங்களுக்கு 1975-இல் பிராக்டல் என்று பெயரிட்டவர் மாண்டெல்பிராட். அக்கருத்தைக் கொண்டு 1980-இல் லோரன் கார்ப்பென்டர் கணிப்பொறியில் மலைகளைப் படைத்துச் சிறு படமாக்கிக் காட்டினார். கென் பெர்லின் என்பவர் 1985-இல் வெளியிட்ட முறை, ஒழுங்கும் ஒழுங்கின்மையும் கலந்த மேடுபள்ளங்களை எண்களால் படைக்கிறது. இன்று திரையில் நாம் காணும் செயற்கை முகில்களும் பாறைகளும் பெரும்பாலும் அம்முறையின் வழித்தோன்றல்களே.

விந்தை பெரிது, விளைவோ ஒன்று போல் இருக்கிறது. இம்மென்பொருளைப் புதிதாகப் பயில்வோர் ஆக்கிய படங்களை வரிசையாகப் பார்த்தால், பனி மூடிய சிகரம், அதன் நிழல் விழும் ஏரி, செக்கர் வானம் என்று மூன்றே பொருள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பனியையே கண்டிராதவர் பனிமலையைப் படைக்கின்றனர். கருவி அதனை எளிதாகத் தருகிறது, ஆகவே பெற்றுக்கொள்கின்றனர். கருவியைக் கற்பது ஒன்று, கண்ணைக் கற்பது வேறொன்று. ஒன்றைக் கற்கும்போதே மற்றதும் வளருமா, வளராதா என்பது எங்களுக்குள் நெடுநாள் வழக்காக இருந்தது. முகில் வகைகளைப் பற்றி அறிய நூலகத்தில் தேடியபோது லூக் ஹோவர்டு என்னும் வானிலை அறிஞரைப் பற்றிப் படித்தேன். அவரைத் தொடர்ந்து சென்றதில் கான்ஸ்டபிள் கிடைத்தார். அவருடைய வாழ்க்கை முழுதுமே எங்கள் வழக்கைப் பற்றியதாக எனக்குப் பட்டது.

இங்கிலாந்தின் கிழக்கில், சபோக் மாவட்டத்தில், ஸ்டூர் ஆற்றுக்கு அண்மையில் உள்ள ஈஸ்ட் பெர்க்ஹோல்ட் என்னும் சிற்றூரில் 1776 சூன் 11-ஆம் நாள் ஜான் பிறந்தார். தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் செல்வாக்குள்ள தானிய வணிகர். பிளாட்போர்டிலும் டெடத்திலும் அவருக்கு ஆற்றுநீரால் சுழலும் மாவாலைகள் இருந்தன. ஊரருகே காற்றாலையும் இருந்தது. இலண்டனுக்குச் சரக்கு அனுப்பச் சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். மூத்த மகன் அறிவு வளர்ச்சி குன்றியவர். ஆதலின் இரண்டாம் மகனான ஜானே தொழிலை ஏற்பார் என்று குடும்பம் எதிர்பார்த்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஏறத்தாழ ஓராண்டு அவர் ஆலையில் உழைத்தார்.

அவருடைய வரலாற்றை எழுதுவோர் இந்த ஓராண்டை ஓரிரு வரிகளில் கடந்து விடுவதுண்டு. எனக்கோ, அவர் பின்னர்ப் பயின்ற ஓவியப் பள்ளியினும் இதுவே பெரிய பள்ளியாகத் தோன்றுகிறது. காற்றாலைக்காரருக்கு வானம் அழகுப் பொருளன்று. காற்றுத் திசை மாறினால் இறக்கைகளைக் காற்றின் முகத்துக்குத் திருப்ப வேண்டும். பெருங்காற்று வருமென்றால் இறக்கைகளில் விரித்த பாய்களை முன்கூட்டியே சுருட்ட வேண்டும். பிந்தினால் இறக்கை முறியும். ஆலையே சிதையவும் கூடும். மேற்கே எழும் ஒரு முகிலைப் பார்த்து, அது என்ன செய்யும், எப்போது செய்யும் என்று கணிக்கத் தெரிந்தவரே அங்கே பிழைக்க முடியும். கான்ஸ்டபிளின் படங்களில் முகில்கள் வானத்தில் ஒட்டி வைத்தவை போல் இரா. எங்கிருந்தோ வந்து எங்கோ போய்க்கொண்டிருக்கும். காற்றின் திசையை அவற்றில் படிக்கலாம். அது ஆலையில் வந்த கண்.

அவ்வூரில் குழாய் வேலையும் கண்ணாடி பொருத்தும் வேலையும் செய்து வந்த ஜான் டன்தார்ன் என்பவருக்கு ஓவியத்தில் பெரு விருப்பம் உண்டு. இருவரும் வயல்வெளிக்குச் சென்று வரைவது வழக்கம். அவர்கள் வைத்துக்கொண்ட ஒரு விதி என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு காட்சியை நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட நேரம் மட்டுமே வரைவார்கள். நிழல்கள் இடம் மாறியதும் தூரிகையைக் கீழே வைத்து விடுவார்கள். மறுநாள் அதே நேரத்தில்தான் தொடர்வார்கள். மென்பொருளில் கதிரவனை நாம் ஆணியடித்து நிறுத்தி விடலாம். எட்டு மணி நேரம் அமர்ந்து வேலை செய்தாலும் திரையில் மாலை ஐந்து மணியே. நிறுத்த முடியாத கதிரவனுக்கு முன் அமர்ந்தவர்களுக்கோ ஒளி என்பது நேரம் என்று கையே கற்றுக்கொடுத்தது.

1795-ஆம் ஆண்டளவில் சர் ஜார்ஜ் போமான்ட் என்னும் செல்வரின் அறிமுகம் கிடைத்தது. அவர் ஓவியம் சேர்ப்பவர். தாமும் ஓரளவு வரைபவர். 17-ஆம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்து புகழ்பெற்ற கிளாட் லொரேன் என்பாரின் சிறு படம் ஒன்றை அவர் காட்டினார். இளைஞர் ஜான் அதில் மனம் பறிகொடுத்தார். பண்பட்ட ஒளி, ஓரத்தில் ஒரு மரம், நடுவே நீர், தொலைவில் நீல மலை என்று கிளாட் அமைத்த முறையே அக்காலத்தில் நிலக்காட்சிக்கு இலக்கணம். மறு ஆண்டு, ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் செதுக்கு ஓவியரைச் சந்தித்தார். அவர் சொன்ன அறிவுரை மிக எளியது. இயற்கையைப் பார்த்து வரையும் படத்தில் ஆளையும் விலங்கையும் கற்பனையால் நுழைக்காதே. எவ்வளவு தனிமையான இடமானாலும் ஒரு மணி நேரம் காத்திரு. உயிருள்ள ஏதேனும் ஒன்று தானே வரும். அதுவே அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் பொருந்தும் என்பது அதன் கருத்து. ஆயிரம் மரங்களை ஒரே கட்டளையில் தூவும் நாம் இதனைச் சற்று நின்று எண்ணலாம்.

தந்தை அரை மனத்தோடு இசைவு தந்து செலவுக்கும் பணம் கொடுக்க, 1799-இல் இலண்டன் ராயல் அகாதெமியின் ஓவியப் பள்ளியில் கான்ஸ்டபிள் சேர்ந்தார். அப்போது வயது 23 நிறையும் நிலை. இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இவரினும் ஓராண்டே மூத்தவரான டர்னர் 1802-இல், 26-ஆம் வயதில், அகாதெமியின் முழு உறுப்பினர் ஆகிவிட்டார். அதே 1802-இல்தான் கான்ஸ்டபிளின் படம் ஒன்று முதன்முதலாக அங்கே காட்சிக்கு வைக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே இராணுவக் கல்லூரி ஒன்றில் ஓவிய ஆசிரியர் பதவியும் தேடி வந்தது. நிலையான ஊதியம், தந்தையின் கவலை தீரும். அகாதெமித் தலைவர் பெஞ்சமின் வெஸ்ட், ஏற்க வேண்டா என்று அறிவுரை கூறினார். கான்ஸ்டபிள் மறுத்து விட்டார். அந்நாளில் டன்தார்னுக்கு எழுதிய மடலில், இரண்டு ஆண்டுகளாகப் பிறர் வரைந்த படங்களின் பின்னே ஓடி உண்மையை இரண்டாம் கையாகத் தேடி வந்ததாகவும், இனி ஊருக்குத் திரும்பி இயற்கையையே முயன்று பயிலப் போவதாகவும் தெரிவித்தார்.

பிறர் படங்களைப் படி எடுப்பதை அதனால் அவர் விட்டு விட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. வாழ்நாள் முழுதும் படி எடுத்தார். 1823-இல், பெயர் பெற்ற ஓவியராகி விட்ட 47-ஆம் வயதிலும், போமான்டின் மாளிகையில் பல வாரங்கள் தங்கிக் கிளாட்டின் படங்களைப் படி எடுத்தார். மனைவி வீட்டுக்கு அழைத்து மடல் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த மாளிகையில் நடந்த ஒரு நிகழ்ச்சி ஓவிய உலகில் மிகப் புகழ் பெற்றது. நிலக்காட்சி என்றால் பழைய வயலின் போலப் பழுப்பு நிறம் படம் முழுதும் பரவி நிற்க வேண்டும் என்பது போமான்டின் கொள்கை. கான்ஸ்டபிள் வாதிடவில்லை. ஒரு பழைய வயலினை எடுத்து வந்து வீட்டின் முன்னிருந்த பசும்புல் தரையில் வைத்தார், அவ்வளவே. கிளாட்டைத் தொழுதவரே கிளாட்டின் பெயரால் வந்த பழுப்பை மறுத்தார். மென்பொருளோடு ஆயத்தமாக வரும் வண்ணத் தொகுதிகளைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புல்தரை வயலின் நினைவுக்கு வருகிறது.

1806-இல் உறவினர் ஒருவர் பொருளுதவியால் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி நாட்டுக்குச் சென்று ஏறத்தாழ இரு திங்கள் தங்கினார். மலையும் ஏரியும் நிறைந்த அந்நாடே அன்றைய ஓவியர்களின் புண்ணியத்தலம். பல நீர்வண்ணப் படங்கள் வரைந்தார். ஆயினும் மலைகளின் தனிமை அவர் மனத்தை அழுத்தியது. மனித வாழ்வின் தடம் இல்லாத இடத்தில் அவருக்கு வேலை இல்லை. மலைகளைத் தேடி அவர் மறுபடி அங்கே போகவில்லை. மதகு, படகு, சேறு, ஆலைக்கால்வாயில் சரியும் நீர், உளுத்த மரக்கம்பம் ஆகியவையே அவர் பொருள்களாயின. பனிமலைப் படங்களைப் பற்றி மேலே நான் குறை கூறியதற்கு இந்தப் பயணமே எனக்கு ஆதாரம்.

இதற்கிடையே அவர் வாழ்வில் ஒரு நீண்ட போராட்டம். மரியா பிக்னெல் என்னும் மங்கையை 1809 முதல் அவர் விரும்பினார். மரியாவின் பாட்டனார் டாக்டர் ரட் அவ்வூர்த் திருச்சபையின் குரு, செல்வர். வருவாயற்ற ஓவியரை மணந்தால் உடைமையில் பங்கில்லை என்பது அவர் நிலை. காதலர் இருவரும் ஏழு ஆண்டுகள் மடல்களிலேயே வாழ்ந்தனர். 1816-இல் தந்தை மறைந்தபின் கான்ஸ்டபிளுக்குக் குடும்பத் தொழிலின் வருவாயில் பங்கு கிடைத்தது. தொழிலைத் தம்பி ஏபிரகாம் ஏற்று நடத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இலண்டனில் திருமணம் நடந்தது. நண்பர் ஜான் பிஷர் சடங்கை நடத்தி வைத்தார். மணமகனுக்கு வயது 40. ஓவியம் விற்காமையால் ஒருவர் இல்வாழ்க்கையே ஏழாண்டு தள்ளிப்போயிற்று. மக்கள் விரும்பிய பழுப்பு நிறத்தில் நாலு படம் வரைந்திருந்தால் அது முன்னரே கைகூடியிருக்கலாம்.

1819-இல் ஆறடி அகலத் திரையில் வரைந்த வெள்ளைக் குதிரை என்னும் படம் அவருக்கு முதல் வெற்றியைத் தந்தது. அவ்வாண்டே அகாதெமியின் துணை உறுப்பினர் ஆனார், வயது 43. தொடர்ந்து ஆறடிப் படங்கள் வந்தன. இவற்றுக்கு அவர் கையாண்ட முறை புதுமையானது. பென்சில் குறிப்பேட்டிலிருந்து நேரே பெரிய படத்துக்குப் போகாமல், அதே ஆறடி அளவில் ஒரு முன்வரைவை முழுதாக எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பார்ப்பார். விற்கவோ காட்டவோ அன்று. தாம் காண்பதற்கு மட்டும். ஆறடித் திரையும் வண்ணமும் விலை மலிந்தவையல்ல.

அவ்வாறு பிறந்ததுதான் 1821-இல் அகாதெமியில் வைக்கப்பெற்ற வைக்கோல் வண்டி. அப்போது அதன் பெயர் நிலக்காட்சி, நண்பகல் என்பதே. பிளாட்போர்டு ஆலையருகே ஆழமற்ற நீரில் ஒரு வண்டி நிற்கிறது; இடப்புறம் வில்லி லாட் என்னும் உழவரின் வீடு; வலப்புறம் தொலைவில் வைக்கோல் அறுப்போர்; மேலே முகில்கள். இதனை அவர் இலண்டனில் இருந்தபடியே வரைந்தார். ஊரில் பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளே துணை. வண்டியின் அமைப்பில் ஐயம் எழுந்தபோது ஊருக்குச் சொல்லியனுப்பி, டன்தார்னின் மகன் உண்மையான வண்டியைப் பார்த்து வரைந்த படங்களைத் தருவித்துக்கொண்டார். நம் மென்பொருளில் வண்டி வேண்டுமானால் ஆயத்த உருவங்களின் பட்டியலில் கிடைக்கும். அதன் சக்கரம் எந்த ஊர்ச் சக்கரம் என்று நாம் கேட்பதில்லை.

இன்று உலகப் புகழ் பெற்ற அப்படம் அன்று இலண்டனில் விலைபோகவில்லை. அதன் பின் அவர் செய்ததை எண்ணி வியக்கிறேன். வயது 45, அகாதெமியின் துணை உறுப்பினர், கையில் தேர்ச்சிக்குக் குறைவில்லை. அவர் தொடக்க மாணவர் போல வானத்தை மட்டும் வரைந்து பழகத் தொடங்கினார்.

அதற்கு வாய்ப்பளித்தது மனைவியின் நோய். மரியாவுக்கு நெஞ்சு வலுவற்றது. நல்ல காற்று வேண்டி 1819 முதல் கோடைதோறும் இலண்டனுக்கு வடக்கே மேட்டு நிலமான ஹாம்ஸ்டெட்டில் குடும்பத்தோடு தங்கினார். அங்கிருந்து வானம் தடையின்றித் தெரியும். 1821-லும் 1822-லும் எண்ணெய் வண்ணத்தைத் தாளிலேயே தீட்டி, பெரும்பாலும் ஒரு மணி நேர அளவில், வானத்தை அடுத்தடுத்து வரைந்தார். 1821-இல் வரைந்தவற்றுள் பலவற்றின் கீழ் விளிம்பில் மர நுனியோ கூரையோ தெரியும். 1822-இல் வரைந்தவை பலவற்றில் வானமன்றி வேறொன்றுமில்லை. அவ்வாண்டு அக்டோபருக்குள் ஏறத்தாழ 50 வானப் படங்கள் முடித்து விட்டதாக நண்பர் பிஷருக்குத் தெரிவித்தார். தாளின் பின்புறத்தில் நாள், மணி, காற்றுத் திசை, பின்னர் மழை வந்ததா என்பன போன்ற குறிப்புகள். இருபதாம் நூற்றாண்டில் ஜான் தார்ன்ஸ் என்னும் வானிலை அறிஞர் அக்குறிப்புகளை அந்நாளைய வானிலைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார். அவை பெரிதும் ஒத்திருந்தன.

முகில்களுக்கு முறையான பெயர் வந்தது சற்று முன்னர்தான். மருந்து வணிகரான லூக் ஹோவர்டு 1802 டிசம்பரில் இலண்டனில் ஒரு சிறு கழகத்தில் ஆற்றிய உரையில் கீற்று முகில், திரள் முகில், படை முகில் என்று வகை பிரித்தார். நம் மென்பொருளின் முகில் பட்டியலில் உள்ள சிரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ் என்பன அவர் சூட்டிய இலத்தீன் பெயர்களே. அவ்வகைப்பாட்டை விளக்கும் தாமஸ் பார்ஸ்டரின் வானிலை நூலைக் கான்ஸ்டபிள் வைத்திருந்து, ஓரங்களில் தம் கருத்தை எழுதியும் படித்தார். நூலாசிரியரோடு உடன்படாத இடங்களும் உண்டு.

மற்றொரு நூலும் அவருக்குப் பயன்பட்டது. அலெக்சாண்டர் கோசன்ஸ் என்னும் ஓவியர் 1785-ஐ ஒட்டி வெளியிட்ட அந்நூலில், தாளில் மையைத் திட்டுத் திட்டாகத் தற்செயலாகத் தெளித்து, அத்திட்டுகளிலிருந்து மலையும் மரமும் கண்டுபிடித்து நிலக்காட்சி அமைக்கும் முறை சொல்லப்பட்டுள்ளது. இதனைப் படித்தபோது எனக்குத் துள்ளி எழலாம் போல் இருந்தது. வித்து எண்ணை மாற்றி மலை பெறுகிறோமே, அதன் மூதாதை இம்மைத் திட்டு அன்றோ! அந்நூலில் வானத்தின் வகைகளைக் காட்டும் செதுக்குப் படங்கள் 20 உண்டு. அவற்றைக் கான்ஸ்டபிள் தம் கையால் படி எடுத்துக்கொண்டார். ஆயத்த வடிவங்களை இகழ்ந்தவர் அல்லர் அவர். ஆனால் அவற்றை வெளியே எடுத்துச் சென்று, அன்றைய வானத்தோடு வைத்துப் பார்ப்பதற்கே கற்றார். அவற்றையே வானமாகக் கொள்ளவில்லை.

நிலக்காட்சியில் ஒளியின் ஊற்று வானமே. வானம் தனியே ஒரு பின்திரை அன்று. படத்தின் உணர்ச்சி அதில்தான் இருக்கிறது என்பது அவர் இக்காலத்தில் பிஷருக்கு எழுதியதன் சாரம். இது கவித்துவமான பேச்சு மட்டும் அன்று, இயற்பியலும் இதுவே. திறந்த வெளியில் நிழலுக்குள் இருக்கும் பொருளையும் நாம் காண்கிறோம் என்றால், வானமெங்கும் சிதறிய ஒளியால் காண்கிறோம். மென்பொருளில் முகிலின் அடர்த்தியை மட்டும் கூட்டிப் பாருங்கள். நிலத்தில் எதையும் தொடாமலே புல்லின் நிறம் மாறும், நீரின் நிறம் மாறும். பலர் நிலத்தை முடித்துவிட்டு இறுதியில் வானத்தைச் சேர்க்கின்றனர். கான்ஸ்டபிளைப் படித்தபின் நாங்கள் மூவரும் சென்ற வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விடுதி மாடியில் நின்று, நாள்தோறும் மாலை நாலரை மணி வானத்தைக் குறிப்பேட்டில் எழுதி வந்தோம்: காற்றுத் திசை, முகில் வகை, எதிர்ச்சுவரின் நிறம். 31 நாள்களில் எதிர்ச்சுவரின் வெள்ளைக்கு நாங்கள் எழுதிய நிறங்கள் 14. வெள்ளை என்று எழுதிய நாள் இரண்டே. அவ்வேட்டை அருகில் வைத்துக்கொண்டு திரையில் எண்களைக் கொடுக்கும்போது, எந்த எண் வேண்டும் என்று தேட ஒரு பொருள் இருக்கிறது. தற்செயலாக வந்த அழகை ஏற்றுக்கொள்ளாமல் தள்ளவும் துணிவு வருகிறது.

கான்ஸ்டபிளின் வானம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. சாலிஸ்பரி ஆயர், தம் பேராலயத்தை வரைந்து தரக் கேட்டார். 1823-இல் படம் வந்தது. கோபுரத்துக்குப் பின்னே கருமுகில் இருப்பது ஆயருக்கு உவப்பாக இல்லை; தெளிந்த வானம் வேண்டுமென்றார். கான்ஸ்டபிள் பின்னர் வெயில் வானத்தோடு மற்றொரு படமும் வரைந்து கொடுக்க நேர்ந்தது. பிழைப்பு அப்படி. 1824-இல் பாரிசு வணிகர் ஒருவர் வைக்கோல் வண்டியை வாங்கிச் சென்று அந்நகரப் பெருங்காட்சியில் வைத்தார். பிரெஞ்சு ஓவியர்கள் அதன் முன் திரண்டனர். அரசர் பத்தாம் சார்லஸ் தங்கப் பதக்கம் அளித்தார். கான்ஸ்டபிளோ பிரான்சுக்குப் போகவே இல்லை.

1828-இல் மரியாவின் தந்தை இறந்து 20,000 பவுன் வந்து சேர்ந்தது. வாழ்நாளெல்லாம் வாட்டிய பணக்கவலை நீங்கியது. அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் நாள் மரியா காச நோயால் மறைந்தார். ஏழு குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதும் நிறையவில்லை. அடுத்த பிப்ரவரியில், ஒரே ஒரு வாக்கு மிகுதியில், அகாதெமி அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. வயது 52. பகிர்ந்துகொள்ள வேண்டியவர் இல்லாத காலத்தில் சிறப்பு வந்தது. 1829-இல் காட்சிக்கு வைத்த ஹாட்லி கோட்டை என்னும் படத்தைப் பாருங்கள்: இடிந்த கோபுரம், கடல், கிழிந்த வானம். அந்தக் கோட்டையை 1814-லேயே ஒரு சிறு ஏட்டில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். 15 ஆண்டுகள் அது ஏட்டில் கிடந்தது. அதற்குரிய வானம் இப்போதுதான் அவருக்குக் கிடைத்தது.

1831-இல் காட்சிக்கு வந்த புல்வெளியிலிருந்து சாலிஸ்பரிப் பேராலயம் என்னும் பெரும்படத்தில் கோபுரத்தின் மேல் ஒரு வானவில் வளைந்திருக்கிறது. வானவில் தோன்ற வேண்டுமானால் கதிரவன் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால், வில்லின் நடுவுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும் என்பதை நாம் பாடத்தில் படிக்கிறோம். இப்படத்தில் ஒளி வரும் திசைக்கும் வில் நிற்கும் இடத்துக்கும் பொருத்தமில்லை என்று வானிலை அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அறியாமல் வரைந்தார் என்று சொல்ல முடியாது. வானவில்லின் கோணங்களைக் கோட்டுப் படமாக வரைந்து ஆராய்ந்தவர் அவர். வில்லின் ஒரு முனை, துயரில் அவருக்குத் துணை நின்ற பிஷரின் வீடு இருக்கும் இடத்தில் இறங்குகிறது. மென்பொருள் இத்தகைய வானவில்லை ஒருநாளும் தராது; அது விதிப்படியே கணக்கிடும். விதியை மீறலாம் என்று நம் வகுப்பில் ஒரு நண்பர் இதனை மேற்கோளாகக் காட்டுவார். விதியைக் கோணம் கோணமாக அறிந்தவர், மனைவியை இழந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஒரு நண்பருக்காக மீறினார் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னால் நன்று.

இறுதி ஆண்டுகளில் டேவிட் லூக்காஸ் என்னும் செதுக்கு ஓவியரைக் கொண்டு தம் நிலக்காட்சிகளை அச்சாக்கி வெளியிட்டார். அதில் கைப்பொருள் இழந்தார். 1833-இல் ஹாம்ஸ்டெட்டிலும், 1836-இல் பாரடே பணியாற்றிய ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் நிலக்காட்சி ஓவிய வரலாறு பற்றி உரையாற்றினார். ஓவியம் ஓர் அறிவியல். இயற்கையின் விதிகளை ஆராய்வதாக அதனைப் பயில வேண்டும். அவ்வாறாயின் படங்களை அவ்வாராய்ச்சியின் சோதனைகள் என்று ஏன் கொள்ளலாகாது என்பது அவர் அங்கே முன்வைத்த கருத்து. இதனை நம் துறைப் பேராசிரியர்களும் ஏற்பார்கள் என நம்புகிறேன். செய்முறை ஏட்டில் நாள் குறிக்காவிட்டால் அவர்கள் கையொப்பமிடுவதில்லை.

1837 மார்ச் 31-ஆம் நாள் அருண்டல் ஆலையும் கோட்டையும் என்னும் படத்தில் பகல் முழுதும் வேலை செய்தார். அன்றிரவு உயிர் நீங்கியது. மீண்டும் ஓர் ஆலைப் படம். ஹாம்ஸ்டெட் கோயில் வளாகத்தில் மரியாவின் அருகில் அடக்கம் செய்தனர்.

அவர் விற்காமல் வைத்திருந்த வானப் படங்கள் பல மக்களிடம் நெடுநாள் இருந்தன. 1888-இல் மகள் இசபெல், தந்தையின் ஓவியங்களும் வரைவுகளுமாக ஒரு பெருந்தொகுதியை இலண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். இன்று அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். வைக்கோல் வண்டி அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே நேஷனல் காலரிக்குச் சென்றுவிட்டது. அதன் படியைக் காலண்டர்களிலும் பிஸ்கட்டுப் பெட்டிகளிலும் காணலாம். வானப் படங்கள் அவ்வளவு பரவவில்லை. இணையத்தில் அருங்காட்சியகங்கள் அவற்றை வெளியிட்டுள்ளன. பார்க்க விழையும் நண்பர்கள் படத்தின் முன்புறத்தோடு நின்றுவிடாமல், பின்புறத்தில் அவர் எழுதிய குறிப்பையும் தேடிப் படிக்க வேண்டுகிறேன். நண்பகல், மேற்குக் காற்று என்பது போல ஓரிரு சொற்களே இருக்கும்.